பழைய கென்மோர், மேடாக் வாஷிங் மெஷின்: எது பெல்ட், எது டைரக்ட் டிரைவ்? எதை வைத்துக்கொள்வது?

தேன்மலை:

வணக்கம். ஒஹாயோவில் வாங்கியிருக்கும் வீட்டின் பேஸ்மென்டில் முந்தைய உரிமையாளர் இரண்டு பழைய டாப் லோட் மெஷின்களை விட்டுப் போயிருக்கிறார். ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது.

முதலாவது கென்மோர். மாடல் எண் 110. என்று ஆரம்பிக்கிறது, மீதி அழிந்துவிட்டது. தண்ணீர் ஒழுங்காக நிரம்புகிறது. துவைக்க ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் மோட்டார் ஓடுவது கேட்கிறது, அஜிடேட்டர் (டப்பின் நடுவில் நின்று துணியை அலசும் தண்டு) அசையவில்லை. ஸ்பின்னுக்குத் திருப்பினால் தண்ணீர் முழுக்க வெளியேறுகிறது, டப் சுற்றவில்லை.

இரண்டாவது மேடாக் ஏ606. துவைக்கிறது, பிழிகிறது. ஆனால் ஸ்பின் தொடங்கும்போது கிறீச்சென்று சத்தம். துணி ஒரு பக்கம் ஒதுங்கினால் டப் போய்ப் பெட்டியில் மோதுகிறது.

கென்மோர் பெல்ட்டா, டைரக்ட் டிரைவா என்று பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா? இரண்டில் எதை வைத்துக்கொள்ளலாம்? இதே தெருவில் ஒரு வீட்டில் பழைய சாமான்கள் விற்கிறார்கள், அங்கேயும் இரண்டு மெஷின் இருக்கிறது. ஒன்றில் அஜிடேட்டர் தலையில் ஓட்டை போட்ட தட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று ஃப்ரிஜிடேர், அதன் அஜிடேட்டர் சுழலாமல் மேலும் கீழும் குதிக்கிறது. இவை என்ன ரகம்? கடைசியாக ஒன்று: வேண்டாததைத் திருச்சிக்குக் கன்டெய்னரில் போட்டு அனுப்பலாமா?

பட்டறைவாசி:

கென்மோர் என்பது சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை வைத்த பெயர்தானே தவிர மெஷின் செய்தவர் பெயர் இல்லை. புள்ளிக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கம்தான் யார் செய்தது என்று சொல்லும். 110 என்றால் வேர்ல்பூல். 417 இருந்தால் ஃப்ரிஜிடேர், 362 இருந்தால் ஜிஇ. ஆகவே உங்களுடையது வேர்ல்பூல் செய்தது, அதில் சந்தேகமில்லை.

வேர்ல்பூலில் இரண்டு தலைமுறை. 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடியது பெல்ட் டிரைவ், அதாவது மோட்டாரின் சுற்றை ஒரு பெல்ட் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது. 1980களின் முற்பகுதியில் டைரக்ட் டிரைவ் வந்தது, இதில் பெல்ட் இல்லாமல் மோட்டார் நேராகக் கியர்பாக்ஸோடு சேர்ந்திருக்கும். சில வருடம் இரண்டும் சேர்ந்தே கடையில் இருந்தன, பத்தாண்டு முடிவதற்குள் முழு அளவு மெஷின்களில் பெல்ட் போய்விட்டது. அதனால் வருடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பெட்டியைப் பாருங்கள்.

மேல்தகடும் முன்தகடும் சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். அங்கே ஒரு இடைவெளிக் கோடு ஓடி, மேல்தகடு தனியாகத் தூக்கும்படி இருந்தால் பெல்ட் டிரைவ். அதற்குப் பின்பக்கம் கழற்றக்கூடிய சதுரத் தகடும் இருக்கும். கோடே இல்லாமல் மேல், முன், இரு பக்கம் எல்லாம் ஒரே தகடாக மடிந்து வந்தால் டைரக்ட் டிரைவ்.

காதாலும் பிரிக்கலாம். பெல்ட் டிரைவில் மோட்டார் ஒரே திசையில்தான் ஓடும். துவைப்பதா பிழிவதா என்பதை கியர்பாக்ஸ் மேல் இருக்கும் இரண்டு சோலினாய்டுகள் (கரன்ட் வந்தால் காந்தமாகி இழுக்கும் சுருள்கள்) தீர்மானிக்கும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதை 'விக்வேக்' என்பார்கள். மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அது இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். சோலினாய்டுக்குக் கரன்ட் வந்ததும் அதன் பிளஞ்சர் என்ற ஊசி, கேம் பார் என்ற உலோகப் பட்டையைப் பிடித்து நகர்த்தும், 'டக்' என்று பலமாகக் கேட்கும். துவைக்கும் வீச்சு நிதானமாக, அகலமாக இருக்கும்.

டைரக்ட் டிரைவில் இந்த 'டக்' கிடையாது. மோட்டாரே திசை மாறும்: ஒரு திசையில் துவைக்கும், மறு திசையில் பிழியும். வீச்சு குட்டையாக, படபடவென்று வேகமாக இருக்கும். தண்ணீர் இறங்கும்போது டப் சுற்றாது. இறங்கிய பிறகு மோட்டார் ஒரு கணம் நின்று திரும்பக் கிளம்பும், அப்போதுதான் ஸ்பின் பிடிக்கும். அந்த இடைநிறுத்தத்தைப் பழுது என்று நினைத்து டைமரை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் நியூட்ரல் டிரெயின் அமைப்பு வேலை செய்வதன் அடையாளமே அதுதான்.

பெல்ட் டிரைவாக இருந்தால், முதலில் விக்வேக் ஒயர்களைப் பாருங்கள். ஓயாமல் ஆடி ஆடி, மேல் உறை முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே செம்புக் கம்பி முறிந்திருக்கும். ஒயரை மெல்ல இழுத்தால் முறிந்த இடம் ரப்பர் மாதிரி நீளும். டைரக்ட் டிரைவாக இருந்தால் நீங்கள் சொன்ன அறிகுறிக்குக் கிட்டத்தட்ட ஒரே காரணம்தான். முதலில் எந்த ரகம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

செவ்வந்தி:

மேடாக்கைப் பற்றி நான் சொல்கிறேன். அயோவாவின் நியூட்டனில் செய்தது. ஹெலிகல் டிரைவ் என்ற இந்த வடிவம் 1956இல் வந்தது, அடிப்படை மாறாமல் ஐம்பது வருடத்துக்குப் பக்கமாக ஓடியது. நான் பார்த்த இயக்கங்களிலேயே மிகக் குறைந்த பாகங்களை வைத்து அதிக வேலை வாங்கியது இதுதான்.

அடியில் ஒரு பெரிய புல்லி இருக்கும். அது உட்காரும் தண்டில் திருகு மரை வெட்டியிருக்கும். மோட்டார் ஸ்பின் திசையில் சுற்றினால் புல்லி அந்த மரையில் மேலேறி, பிரேக் ஸ்பிரிங்கை அழுத்தி, பிரேக்கை விடுவிக்கும். கியர்பாக்ஸும் டப்பும் மொத்தமாகச் சேர்ந்து சுற்றும், நிமிடத்துக்கு 618 சுற்று. மோட்டார் நின்றதும் டப் தன் வேகத்தில் புல்லியை முந்தும், புல்லி மரையில் கீழிறங்கும், பிரேக் பிடிக்கும். துவைக்கும் திசையில் புல்லி கீழேயே இருந்து கியர்பாக்ஸின் உள்தண்டை மட்டும் ஓட்டும், டப்பை பிரேக் அசையாமல் பிடித்துக்கொள்ளும். சோலினாய்டு இல்லை, தனி கிளட்ச்சும் இல்லை.

கிளட்ச் வேலையைச் செய்வது பெல்ட்தான். ஸ்பின் தொடங்கும்போது பெல்ட் கொஞ்சம் வழுக்கியே ஆக வேண்டும். அதனால்தான் மேடாக் பெல்ட்டின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். ஹார்டுவேர் கடையில் அதே நீளத்துக்குக் கிடைக்கும் சாதாரண வி-பெல்ட்டைப் போட்டால் அது வழுக்காமல் கவ்வும், மோட்டார் கிளம்ப முடியாமல் திணறி ஓவர்லோடு (சூடானால் மோட்டாரை நிறுத்தும் காப்பு) ட்ரிப் ஆகும். பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்ப்ரே அடிப்பதும் இதே பாவம்தான். ஒரிஜினல் இரண்டு பெல்ட்டும் சேர்ந்த செட்டின் எண் 12112425. டிரைவ் பெல்ட் தனியாக 211125, பம்ப் பெல்ட் 211124.

உங்கள் கிறீச் சத்தத்துக்கு உடனே பெல்ட் வாங்கிவிடாதீர்கள். முன்தகட்டின் அடியில் இரண்டு ஸ்க்ரூ, கழற்றினால் தகடு கையோடு வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரைவ் பெல்ட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்துங்கள். மோட்டார் ஒரு வண்டித் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அழுத்தும்போது அது வழுக்கி முன்னே வந்து, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துப் பின்னே போக வேண்டும். அங்கே சிக்கிக்கொண்டால் தட்டின் கிளைடுகள் (தட்டு வழுக்கி ஓடும் துண்டுகள்) காய்ந்துபோயிருக்கின்றன. பழைய பிசுக்கைத் துடைத்துவிட்டு சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே இரண்டு நாள் வழுக்கும், பிறகு முன்னைவிட மோசமாகும். தட்டு தாராளமாக ஓடியும் சத்தம் வந்தால், பெல்ட் ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்தோ வெடித்தோ இருந்தால், அப்போது செட்டாக மாற்றுங்கள். பம்ப் பெல்ட்டை விறைப்பாக இழுத்துக் கட்டக்கூடாது. கட்டினால் மோட்டார் தட்டு நகர இடமில்லாமல் போய்விடும்.

டப் பெட்டியில் மோதுவது டாம்பர் பேட் தேய்மானம். டப்பின் எடை அடித்தட்டில் சில பேட்கள் மேல் உரசி நிற்கிறது. அந்த உரசல்தான் ஆட்டத்தை அடக்குகிறது. பேட் கழன்று விழுந்திருந்தால் இரும்பில் இரும்பு உரசி, அடித்தட்டில் பளிச்சென்று வளைவுக் கீறல் தெரியும். புது பேட்களை ஒட்டுவதற்கு முன் பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுங்கள். அங்கும் சிலிகோன் கிரீஸ் மட்டுமே, மெல்லிய பூச்சு போதும்.

பிரேக் பொதியை மட்டும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் பலமாக அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அதற்கென்று தனிக் கருவி வேண்டும்.

தேன்மலை:

செவ்வந்தி அக்கா, மோட்டார் தட்டு நீங்கள் சொன்ன மாதிரியே பாதியில் சிக்குகிறது. அடித்தட்டில் ஒரு வளைவுக் கீறலும் இருக்கிறது.

பட்டறை அண்ணா, கென்மோரில் மேல்தகட்டுக் கோடு இல்லை, எல்லாம் ஒரே தகடு. முன்பக்கம் கொஞ்சம் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். தரையில் கறுப்பு ரப்பர் துகளும் வெள்ளை பிளாஸ்டிக் துண்டு ஒன்றும் கிடக்கின்றன. எண்ணெய்க் கசிவு இல்லை.

பட்டறைவாசி:

கதை முடிந்தது, மோட்டார் கப்ளிங் உடைந்திருக்கிறது. பாகம் 285753. மூன்று மூக்கு கொண்ட இரண்டு பிளாஸ்டிக் கவைகள், நடுவில் ஒரு ரப்பர் வட்டு. ஒரு கவை மோட்டார் தண்டில், மற்றது கியர்பாக்ஸ் தண்டில். பம்ப் மோட்டாரின் எதிர்ப்பக்கத் தண்டில் நேராக மாட்டியிருப்பதால் கப்ளிங் உடைந்தாலும் பம்ப் ஓடும். அதனால்தான் உங்களுக்குத் தண்ணீர் வெளியேறுகிறது, டப்பும் அஜிடேட்டரும் அசையவில்லை.

வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு குழாயையும் மூடுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் டிரெயின் செய்துவிடுங்கள். மேலே டயல் இருக்கும் கன்சோலின் இரு ஓரத்திலும் ஸ்க்ரூ இருக்கும், சில மாடல்களில் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கழற்றிவிட்டுக் கன்சோலைப் பின்பக்கம் மடக்குங்கள். அடியில் லிட் சுவிட்ச் (மூடி சாத்தியிருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச்) கனெக்டர் தெரியும், அதை உருவுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பித்தளை நிறக் கிளிப் பெட்டியையும் பின்தகட்டையும் பிடித்திருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவரை அதன் முன்வாயில் விட்டுப் பின்பக்கம் நெம்பினால் துள்ளிக்கொண்டு வரும். இப்போது மூடியைத் திறந்து அதன் வாய் விளிம்பைப் பிடித்து, பெட்டியை உங்கள் பக்கம் சாய்த்து இழுங்கள். மொத்தப் பெட்டியும் தனியே வந்துவிடும், மெஷின் எலும்புக்கூடாக நிற்கும்.

முன்னால் தெரிவது பம்ப். இரண்டு கிளிப்பைத் தட்டினால் மோட்டார் தண்டிலிருந்து உருவி வரும். ஹோஸ்களைக் கழற்ற வேண்டாம், ஓரமாக ஒதுக்கினால் போதும். கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டார் ஒயர் கனெக்டர். மோட்டார் மேல் உருளையாகக் கெப்பாசிட்டர் இருந்தால் தொடுவதற்கு முன் அதில் தேங்கிய மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். மோட்டாரை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கிளிப் பிடித்திருக்கும். இரண்டாவதைக் கழற்றும்போது ஒரு கை மோட்டாருக்கு அடியில் இருக்கட்டும், நல்ல கனம்.

புதுக் கப்ளிங்கைப் போடுமுன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: கியர்பாக்ஸ் தண்டைக் கையால் இரண்டு திசையிலும் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் அஜிடேட்டர் ஆடும், மறு திசையில் டப்பை இழுக்கப் பார்க்கும். இறுகிப்போயிருந்தால் கப்ளிங் உடைந்தது விளைவு, காரணம் கியர்பாக்ஸில் இருக்கிறது. புதியது முதல் லோடிலேயே போய்விடும். தாராளமாகச் சுற்றினால் வயதும் அளவு மீறிய துணியும்தான் காரணம். கியர்பாக்ஸுக்கு அடி விழாமல் தான் உடையவேண்டும் என்றுதான் அதைப் பிளாஸ்டிக்கில் வைத்திருக்கிறார்கள்.

பழைய கவைகளை நெம்பி எடுங்கள். புதியதை நடு உலோக வளையத்தின் மேல் ஒரு சாக்கெட்டை வைத்துத் தட்டி இறக்குங்கள், தண்டின் முனை வளையத்தோடு சமமாக நிற்கும் வரை. பிளாஸ்டிக் மூக்கில் அடி படக்கூடாது, மயிரிழை விரிசல் விட்டால் சில மாதத்தில் மறுபடி இதே வேலை. ரப்பரை கியர்பாக்ஸ் பக்கக் கவையில் மாட்டி, மோட்டாரைக் கொண்டுவரும்போது தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மூக்குகளை ஓட்டையில் சேருங்கள். சேராமல் கிளிப்பை முறுக்கி இறுக்க வேண்டாம்.

பெட்டியைத் திரும்பப் போடும்போது முன்விளிம்பு அடிச்சட்டத்தின் உதட்டுக்குள் நுழைய வேண்டும், பக்கத் துளைகள் அடிச்சட்டத்தின் நாக்குகளில் உட்கார வேண்டும். சரியாக உட்காராத பெட்டி ஸ்பின்னில் அதிரும். லிட் சுவிட்ச் கனெக்டர் மாட்டாவிட்டால் ஸ்பின் ஆகாது, கப்ளிங் சரியில்லையோ என்று வீணாகத் திரும்பப் பிரிக்க வேண்டிவரும்.

நட்போல்ட்:

தெருவில் விற்கும் இரண்டைப் பற்றி.

தலையில் தட்டு இருப்பது ஜிஇ ஃபில்டர்-ஃப்ளோ. லூயிவில் ஆலையில் செய்தது, 1990களின் நடு வரை வந்தது. துவைக்கும்போது பம்ப் தண்ணீரை மேலேற்றி அந்தத் தட்டில் கொட்டும், நூலும் பஞ்சும் அதில் தங்கும். ஒரே பெல்ட், திசை மாறும் மோட்டார், மோட்டார் மேலேயே மையவிலக்கு கிளட்ச். வாங்குவதாக இருந்தால் நிறைய ஈரத்துணியோடு ஸ்பின் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கருகல் வாடை வந்தால் கிளட்ச் ஷூ தேய்ந்துவிட்டது. டப்பின் நடுவில் உள்ள ரப்பர் பூட்டில் கசிவு இருக்கிறதா என்றும் அடியில் பாருங்கள்.

மேலும் கீழும் குதிப்பது ஜெனரல் மோட்டார்ஸ் காலத்து ஃப்ரிஜிடேர். 1947இல் வந்த யூனிமேட்டிக்கில் ஆரம்பித்த பழக்கம் அது. யூனிமேட்டிக் நிமிடத்துக்கு 1140 சுற்று சுற்றும், அந்தக் காலத்து மற்ற மெஷின்கள் அதில் பாதிதான். பிறகு பல்சக்கரத்துக்குப் பதில் உருளைகளை வைத்து ரோலர்மேட்டிக் செய்தார்கள். 1979இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பெயரை வைட் கம்பெனிக்கு விற்றது, அதற்குப் பிறகு வந்த ஃப்ரிஜிடேருக்கும் இதற்கும் இயக்கத்தில் உறவில்லை. அழகான பொருள், சேகரிப்பவர்கள் உயிரை விடுவார்கள். ஆனால் தண்டு மேலும் கீழும் போகும் இடத்தைத் தண்ணீரிலிருந்து காப்பது பெல்லோஸ் என்ற ஒரு மடிப்பு ரப்பர் உறைதான். அது கிழிந்தால் தண்ணீர் நேராக இயக்கத்துக்குள் போகும், புதுப் பாகத்துக்கு வழியில்லை. தினசரி துவைக்க இதை வாங்காதீர்கள்.

பட்டறைவாசி:

திருச்சி யோசனைக்கு: அனுப்ப வேண்டாம். எல்லோரும் வோல்டேஜை மட்டும் நினைக்கிறார்கள். 230ஐ 110 ஆக்க டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, 50 ஹெர்ட்ஸை 60 ஆக்க அதனால் முடியாது. நிமிடத்துக்கு 1725 சுற்றும் மோட்டார் ஏறக்குறைய 1425க்கு இறங்கும். இந்தக் கென்மோரின் ஸ்பின் 640லிருந்து 530க்கு வரும். டைமர் மோட்டாரும் மெதுவாகும், 10 நிமிடத் துவைப்பு 12 நிமிடம். பம்ப் தண்ணீரைத் தூக்கும் உயரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். 120 வோல்ட் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 100 வோல்ட்தான் பொருத்தம். 110 கொடுத்தாலே வழக்கத்தைவிடச் சூடாகும், 120 கொடுத்தால் ஓவர்லோடு அடிக்கடி விழும். கிளம்பும் நேரத்து மின்னோட்டத்தைத் தாங்க டிரான்ஸ்ஃபார்மர் 2000 விஏவுக்கு (வோல்ட்-ஆம்பியர்) குறையாமல் வேண்டும். மொட்டைமாடி டேங்க் 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் அரை பார் அழுத்தம்தான் வரும், நிரம்ப நேரமாகும். கப்பல் செலவையும் சேர்த்தால் அங்கேயே நல்ல மெஷின் வாங்கலாம்.

வைத்துக்கொள்ளக் கென்மோர்தான் என் ஓட்டு. கப்ளிங், பம்ப், கிளட்ச், அஜிடேட்டர் டாக்ஸ் (அஜிடேட்டரின் மேல்பாதியை ஒரே திசையில் சுற்றவைக்கும் பற்கள்) எல்லாம் இன்றும் புதிதாக, மலிவாகக் கிடைக்கின்றன.

செவ்வந்தி:

பாகத்துக்காக மட்டும் என்றால் பட்டறைவாசி சொல்வது சரி. துணிக்கும் சத்தத்துக்கும் மேடாக்தான் மென்மை, நிதானமான வீச்சு. கியர்பாக்ஸும் எண்ணெயில் முழுகி ஓடுவது, அது போவது அபூர்வம். முடிவு ஒரு சோதனையில் இருக்கிறது. தேன்மலை, முன்தகடு கழற்றியே இருக்கிறதல்லவா? டப்பை நிரப்பிப் பத்து நிமிடம் துவைக்க விட்டு, டார்ச் அடித்து டப்பின் அடி நடுவைப் பாருங்கள். ஓடும்போது பெல்ட் பக்கம் கையை நீட்ட வேண்டாம். அங்கிருந்து சொட்டு இறங்கினாலோ, புல்லி மேல் செந்நிறக் கோடு வடிந்திருந்தாலோ தண்டு சீல் போய்விட்டது. அதை மாற்ற டப்பையே வெளியே எடுக்க வேண்டும், துருவில் பிடித்த இறுக்கு வளையம் உடைந்து வரும், தனி ஸ்பானரும் வேண்டும். அப்படி இருந்தால் கென்மோரை எடுத்துக்கொண்டு மேடாக்கைப் பாகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடி காய்ந்திருந்தால் கிரீஸ், பேட், தேவைப்பட்டால் பெல்ட் செட், இவ்வளவுதான் செலவு.

தேன்மலை:

பார்த்துவிட்டேன் அக்கா. டப் அடி நடுவில் சொட்டு இல்லை, புல்லியில் கோடும் இல்லை, காய்ந்தே இருக்கிறது. மேடாக் இங்கேயே இருக்கட்டும். கியர்பாக்ஸ் தண்டு தாராளமாகச் சுற்றினால் கென்மோருக்குக் கப்ளிங் போட்டு ஓட்டிக் காட்டிக் கொடுத்துவிடுகிறேன். கொலம்பஸ் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.